ஐந்து பேரின் பெயர்கள்

“வெள்ளாம வெட்டி முடிஞ்சுது. நாங்க அஞ்சு பேரும் சுகம்.” விரல் பட்டாலே சரசரக்கும் நீலத் தாள், மடிப்பைப் பிரித்தால் மண்ணெண்ணெய் வாசனை. மலர் ஆன்ட்டியின் அக்கா மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதிய அந்த ‘ஏரோகிராமில்’ தேதி, ஊர், பெயர் எதுவும் கிடையாது. நான் நான்காம் வகுப்பில் இருந்ததைக் கொண்டு 1996 இலையுதிர்காலம் என்று கணிக்கிறேன்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் எதிர் அபார்ட்மென்ட் ஆன்ட்டியுடையது. கடிதம் வந்தால் எங்கள் சமையலறை மேசையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அக்காவின் ஊருக்கும் பக்கத்துச் சிங்கள ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால். இந்தக் கரையில் கொலை விழுந்தால் அந்தக் கரையில் வீடுகள் எரியும், அங்கே விழுந்தால் இங்கே. இதற்கு அக்காவையும் சேர்த்து ஐந்து பெண்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். கொலைச் செய்தி வந்ததும் இங்கிருந்து மூவர் வாய்க்காலைத் தாண்டிப்போய் அங்குள்ள வீடுகளில் உட்கார்ந்துகொள்வார்கள், அங்கிருந்து இருவர் இங்கே வருவார்கள், கோபம் தணியும்வரை. தன் ஊர்ப் பெண் இருக்கிற வீட்டுக்கு எவன் தீ வைப்பான்? இது ‘ஆமி’ என்று ஆன்ட்டி சொல்லும் ராணுவத்துக்கும் பிடிக்கவில்லை, ‘இயக்கம்’ என்று சொல்லும் போராளிகளுக்கும் பிடிக்கவில்லை. அதனால் கடிதத்தில் ‘தையல்காரி’, ‘மாட்டுக்காரி’ என்றுதான் இருக்கும். படிக்கும் ஆர்வத்தில் ஆன்ட்டிதான் உண்மைப் பெயர்களைச் சொல்லிவிடுவார்.

நான் வரைந்த படங்களுக்குக்கூடத் தேதி போடுகிற பெண். தமிழ்ச் சங்க மடலின் குழந்தைகள் பக்கத்துக்கு அந்த ஐவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். இரண்டு ஊர்களின் பெயரும் ஐந்து பெண்களின் பெயரும் ஒரு பிழையில்லாமல் இருந்தன. மடலை அச்சிட்ட அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் எண்பது பிரதிகள் கொடுக்கப்பட்டன.

மறுநாள் ஆன்ட்டி மடலோடு வந்தார். “ஐயோ புள்ள, இந்தப் பேரெல்லாம் உனக்கு ஆரு தந்தது?”

“யூ டோல்ட் அம்மா. ஐ வாஸ் ரைட் ஹியர்.”

அப்பா சிரித்தார். “நம்ம நியூஸ்லெட்டரை யாருங்க படிக்கிறாங்க? சமோசா எண்ணெய் துடைக்கத்தான் யூஸ் பண்றாங்க.”

“வாசிக்க ஒருத்தன் போதும், அண்ணன்.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். அன்றும் மறுநாளும் வீடு வீடாகப் போனோம். “பிரின்ட்ல மிஸ்டேக் ஆயிடுச்சுங்க, புதுசு தரோம்,” என்று அம்மா சொல்ல, ஆன்ட்டி கை நீட்டி வாங்க, நான் பின்சீட்டில் எண்ணிக்கொண்டே வந்தேன். எண்பதாவது பிரதியைத் தந்த அங்கிள் என் கன்னத்தைத் தட்டினார்: “குழந்தை என்னமா எழுதியிருக்கா! டொரான்டோல என் ஃபிரெண்டுக்கு ஃபேக்ஸ் பண்ணிட்டேன். எல்லாருக்கும் காட்டறேன்னார்.”

அம்மா அங்கேயே அந்த நண்பருக்குப் போன் பண்ணச் சொன்னாள். அந்த ஃபேக்ஸ் தாளை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், யாரென்று நினைவில்லை என்றார் அவர்.

என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்குக் கிளம்புமுன் போன் அடித்தால் அம்மாவின் கை தோசைக்கல் மேலேயே நின்றுவிடும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆன்ட்டியின் தபால் பெட்டிக்கு ஓடுவேன். பெட்டி காலியாக இருந்தால் அவரிடம் சொல்லும் துணிவில்லாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு நீலத் தாள் வந்தது. “அக்காட எழுத்துத்தான்!” என்று ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். பிரித்துப் படித்தவர் பாதியில் நிறுத்தினார். “இந்தமுற மழை கூட. நாங்க நாலு பேரும் சுகம்.” வேறு விவரம் இல்லை. பதிலில் கேட்கவும் வழியில்லை. கேட்டால் அதற்கும் ஒருத்தியின் அடையாளத்தை எழுதவேண்டும். அதன் பின் வந்த கடிதங்களில் தையல்காரி என்ற சொல் வரவில்லை.

இப்போது நான் சான் ஹோசேயில் இருக்கிறேன். ஏரோகிராம் போயிற்று, சங்க மடல் நின்றது, கேட்டி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்த மலர் ஆன்ட்டியும் அங்கேயே காலமாகிவிட்டார். ஐவரின் பெயர்களை நான் எங்கும் மறுபடி எழுதியதில்லை, இங்கும் எழுதவில்லை. அக்காவின் ஊரிலிருந்து வந்த இரண்டு பேரிடம் விசாரித்தேன். தையல்காரி மகளோடு கொழும்புக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். சிலர் கையில் ஒரு தாளோடு வந்து அவளைக் கூட்டிப்போனதாக மற்றவர் சொன்னார். இரண்டுக்கும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அது என்ன தாள் என்பதும் இதுவரை உறுதிப்படவில்லை.