எட்டாவது வாரத்துக் கடிதம்

பதின்மூன்று வயதில் நான் வீட்டை விட்டு ஓடிப்போனேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் பலர் செய்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியது, நான் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்துக்காக. அது என் கடிதமே அல்ல. ஒரு தொடர்கதையின் கதாநாயகன் எட்டாவது வாரத்தில் எழுதியது. ஒரு புள்ளி விடாமல் காப்பியடித்திருந்தேன். 'சிற்றன்னையின் சொல்லம்புகளைத் தாங்கித் தாங்கி என் நெஞ்சு சல்லடையாகிவிட்டது' என்ற வரி உட்பட. நான் அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோது என்னைப் பெற்றவள் பத்தடி தள்ளி எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிற்றன்னை என்று ஒருத்தி கிடையாது. ஆனால் வரி நன்றாக இருந்தது. விட மனம் வரவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. வீட்டில் அம்மா, அக்கா, நான், பிறகு அப்பாவின் தங்கையான அத்தை. வீட்டை அம்மா நிர்வகித்தாள். வாரப் பத்திரிகையை அத்தை நிர்வகித்தாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தால் அதைப் படிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் அத்தை, அப்புறம் அம்மா, அப்புறம் அக்கா. என் முறை வருவதற்குள் அத்தை நடுப் பின்னை நெம்பித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவாள். கதை முடிந்ததும் அந்தக் கட்டு மலைக்கோட்டைக்கு அடியில் ஒரு சந்தில் இருந்த பைண்டரிடம் போய், முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய புத்தகமாகத் திரும்பி வரும். பக்கங்களை உருவும்போது எதிர்ப்புறம் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுவும் கூடவே வந்துவிடும். ஆகையால் எங்கள் வீட்டு நாவல்களில் கதாநாயகன், செத்துப்போன தாயின் படத்துக்கு முன் நின்று அழும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் பாதி ரசவாங்கிச் செய்முறையோ, நரைமுடித் தைல விளம்பரமோ இருக்கும். இலக்கியத்தை அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் ஒரு சோகக் கட்டத்தைப் படித்தால் லேசாகப் பசிக்கிறது.

அப்பா இந்த வரிசையில் இல்லை. காலையில் செய்தித்தாள் படிப்பார், அத்தோடு சரி. "நடக்காததை எழுதியிருக்கான். அதை வேற உக்காந்து படிக்கணுமா?" என்பார்.

அந்த வருடம் கோடை விடுமுறையில் பைண்டாகி வந்த கதையை நான் நான்கு முறை படித்தேன். பதினைந்து வயதுப் பையன். நெற்றியில் சுருண்டு விழும் முடி. கல்நெஞ்சுக்காரத் தந்தை. இரண்டாம் தாரம். பையன் ஒரு கடிதம் எழுதித் தந்தையின் செய்தித்தாளுக்குள் வைத்துவிட்டு ஒன்பதாவது வாரத்தில் ரயிலேறிப் பட்டணம் போகிறான். கஷ்டப்படுகிறான், படிக்கிறான், முன்னுக்கு வருகிறான். இருபத்துநான்காவது வாரத்தில் அவன் திரும்பி வரும்போது தந்தை வாசலில் நின்று கண்ணீர் விடுகிறார். அவருக்கு நன்றாக வேண்டும் என்று நானும் கண்ணீர் விட்டேன்.

நான் ஓடிப்போக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது. அதற்கு என் அப்பா ஒத்துழைக்கவே இல்லை. அடிக்க மாட்டார். அதட்டவும் மாட்டார். கணக்கில் முப்பத்தொன்று வாங்கிக்கொண்டு வந்து நீட்டினால், காகிதத்தைத் திருப்பி ஏதாவது மிச்சம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டு மாதம் ஒரு கொடுமைக்காகக் காத்திருந்து அலுத்துப்போனேன். கடைசியில் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்த முடிவெட்டுகிறவரிடம் அப்பா, நான் மூன்று மாதமாக நெற்றிக்காக வளர்த்து வந்த முடியைக் காட்டி, "நல்லா ஒட்ட வெட்டுங்க, காத்தாட இருக்கட்டும்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை கடிதத்தைச் செய்தித்தாளுக்குள் வைத்தேன். தோசை மூன்று சாப்பிட்டேன். பின்கட்டு வழியாக வெளியேறி ஸ்டேஷனுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைப் பலர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். கடிதத்தைப் படித்தார். அதைப் பேப்பர் மேலேயே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனார். கறிகாய் வாங்கப் போகிறார் என்று அம்மா நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்தைப் பெருக்க வந்த அக்கா கடிதத்தைப் பார்த்து உரக்கப் படித்தாள். இரண்டு வரிதான் படித்திருப்பாள். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, மூன்றாவது வரியைத் தானே சொல்லி முடித்தாள்.

"ஒன்பதாவது வாரந்தானே?" என்றாளாம்.

"எட்டு. ஒன்பதுல ரயில் ஏறிடுவான்."

"அப்ப ஸ்டேஷன்லதான் இருப்பான். போய்க் கூட்டிட்டு வா. வர்றப்ப கறிவேப்பிலை வாங்கிக்க."

அம்மா மட்டும் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "நான் எப்போலேர்ந்துடி இவனுக்குச் சித்தியானேன்?" என்று கேட்டாள்.

ஸ்டேஷனில் நான் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். பட்டணம் போகும் வண்டி ஒன்று வந்து நின்று போய்விட்டிருந்தது. நான் ஏறவில்லை. பயம் என்று நினைத்துவிடக் கூடாது. கதாநாயகனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. இங்கே படிக்கட்டில்கூடக் கால் வைக்க இடமில்லை. முகத்தை ஜன்னலில் சாய்க்காமல் எப்படி வீட்டை விட்டு ஓடுவது? அடுத்த வண்டி பார்க்கலாம் என்று இருந்தபோது அக்கா கறிவேப்பிலையோடு எதிரே நின்றாள்.

"எந்திரி. காப்பியடிச்சாலும் பேரையாவது மாத்த வேணாமா? கீழ அவன் பேரே போட்டிருக்கே."

பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். அத்தை என்னைப் பார்த்து, "வாங்க பட்டணத்துக்காரரே" என்றாள். அம்மா என் தலையில் எண்ணெய் வைக்கும்போது வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தாள். இவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய கதை.

அப்பா திரும்பவில்லை.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கறிகாய்க் கடைக்குப் போகவில்லை, மளிகைக் கடையிலும் பார்க்கவில்லை என்றார்கள். அத்தை கேலி செய்வதை நிறுத்தினாள். அம்மா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். 'இனி இந்த முகத்தை யாரும் காணப் போவதில்லை' என்ற கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். அப்போது அக்கா, இதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொன்னாள்: "அத்தை, அப்பா அந்தக் கதையைப் படிச்சதில்லையே."

வீடு சத்தமில்லாமல் போயிற்று. நான் மட்டும் அந்தச் சத்தமின்மையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். இவ்வளவு நல்ல கதையைப் படிக்காமல் விட்டாரே என்று எல்லோரும் வருந்துகிறார்கள் என நினைத்தேன்.

அப்பா வந்தபோது மணி மூன்றரை. வேட்டி இடுப்பு வரை நனைந்து சேறு அப்பியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. நடையில் நின்று, கூடத்தில் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கதைகளில் இந்த இடத்தில் பிரம்பு வரும். நான் கையை மடியில் துடைத்துக்கொண்டு தயாரானேன்.

"இவன் எப்ப வந்தான்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"பத்து மணிக்கே வந்துட்டான். நீங்க எங்க போனீங்க?"

"சும்மா. ஆத்துல தண்ணி எவ்வளவு போவுதுன்னு பார்த்துட்டு வரலாம்னு."

மிச்சமிருந்த ஒரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பெற்ற பிள்ளை வீட்டை விட்டு ஓடிப்போகிறான். இவர் வெள்ளம் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். காலையிலிருந்து மத்தியானம் வரை! கதையில் வரும் கல்நெஞ்சுக்காரர்கூட அந்த நேரத்தில் ஒரு நாற்காலியை எட்டி உதைத்தார்.

சாயங்காலம் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பரிசல் ஓட்டுகிறவர்கள், காவிரியில் அம்மா மண்டபப் படித்துறைப் பக்கம் பார்த்திருக்கிறேன். அப்பா உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி கெடைச்சிட்டாருங்களா? அய்யா ரெண்டு மணிக்கு மேலதான் கரையேறுனாரு. அதான் மனசு கேக்கல," என்றார் பெரியவர்.

அம்மா என்னைக் கையால் காட்டினாள். இளையவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏமாந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"இவருங்களா? நல்ல ஒசரமா, லட்சணமா இருப்பாருன்னுல்ல அய்யா சொன்னாரு. நாங்க தண்ணியில அப்படி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தோம்."

அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். என் உயரத்தைப் பற்றி அன்னியர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அதற்குக் காபி வேறு என்று மாடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. அப்பா அத்தையிடம் அந்தக் கதையைக் கேட்டு வாங்கினார். வேலை முடிந்து வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரசவாங்கி, தைல விளம்பரம் எதையும் விடாமல், ஒரு இயந்திரத்தைக் கழற்றுவதுபோல் படித்தார். நடுநடுவே சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா, இவன் ரெண்டு நாள் ரயில்லயும் பிளாட்பாரத்துலயும் இருந்தான்னு போட்டிருக்கு. என்ன சாப்பிட்டான்?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்கண்ணே."

"அந்த அப்பன் எங்கெல்லாம் போய்த் தேடினான்னு ஒண்ணையும் காணுமே?"

"அவரு கதாநாயகன் இல்லையே. அவரு எங்க தேடினா யாருக்கு என்ன?"

அப்பா பக்கத்தைத் திருப்பினார். அவர் வாழ்நாளில் படித்த ஒரே கதை அதுதான்.

அந்தச் சிவப்பு முதுகுப் புத்தகம் அத்தைக்குப் பிறகு என்னிடம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில், கல்லூரி நூலகத்தில் கனமான புத்தகங்களாகத் தேடிப் படித்துக் கெட்டுப்போயிருந்த காலத்தில், அதை எடுத்துப் புரட்டி, இவ்வளவு மட்டமான கதைக்கா அழுதோம் என்று நண்பர்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தேன். கல்யாணமான புதிதில் படித்தபோது சிற்றன்னைமேல் இரக்கம் வந்தது; இருபத்துநான்கு வாரத்தில் அந்தப் பெண் மொத்தமே நாலு சொல்லம்புதான் விட்டிருக்கிறாள், அதில் இரண்டு நியாயமானவை. இதையும் என் மனைவியிடம் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன்.

போன வருடம் என் மகன் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. இரண்டு மணி நேரம். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். மைதானம் வடக்கே. என் கால்கள் தெற்கே, ஆற்றுப் பக்கம் நடந்தன. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "இப்படி ஒரு பையன் வந்தானாம்மா? நல்ல உயரமா இருப்பான்" என்று நான் சொல்வது என் காதிலேயே விழுந்தது. என் மகன் என்னைப் போல. உயரமெல்லாம் இல்லை.

அவன் எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். அன்று புத்தகத்தை எடுத்து ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ படித்தேன். கதாநாயகன் பட்டணத்தில் பட்ட கஷ்டமெல்லாம் சீக்கிரமாக ஓடிப்போயிற்று. அந்தத் தந்தை எத்தனை பக்கங்களில் வருகிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். விளக்கைக் குறைக்கச் சொல்கிறார், மழையில் நிற்காதே என்கிறார், கணக்கு என்ன ஆயிற்று என்கிறார். பிள்ளை போன பிறகு பத்தாவது வாரத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது: 'அவர் எங்கெங்கோ தேடினார்.' பதின்மூன்று வயதில் நான்கு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்குள் ஆடி மாதத்துக் காவிரி ஓடுகிறது, ஒரு மனிதர் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவிக்கொண்டு, கரையில் நிற்பவர்களிடம் தன் பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை.

ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்வது என்று, அடுத்த ஞாயிறு காலை புத்தகத்தை என் மகனிடம் கொடுத்தேன். அவனுக்குப் பதினான்கு. ஒன்றும் சொல்லாமல்தான் கொடுத்தேன். அன்று மாலையே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துதுப்பா," என்றான். "அப்பா வர்ற எடமெல்லாம் தள்ளிட்டுப் படிச்சேன். மத்தியானத்துக்குள்ளயே முடிஞ்சிருச்சு."