அட்டைக்காரன் வழிகாட்டியான கதை

முல்லைத்தீவுக் கரையில் டிலக்ஸனைப் போல மூச்சடக்கவும் ஆளில்லை, புளுகவும் ஆளில்லை. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலடியில் அட்டை பொறுக்குவதுதான் மீசை முளைத்த நாளிலிருந்து அவனுடைய தொழில். மணலில் தடித்த புழு மாதிரிக் கிடக்கும் இந்தக் கடலட்டையை நாங்கள் யாரும் தின்பதில்லை. எங்கேயோ வெளிநாட்டில் தின்கிறார்கள், அதனால் டிலக்ஸன் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. அந்த ஓட்டின் பெருமையை அவன் கோயில் திருநாளிலும் சொல்வான், செத்த வீட்டிலும் சொல்வான்.

அவன் மனைவி நிரோசினிக்கு அதில் ஒரு பெருமையும் கிடையாது. அவன் கடலுக்குப் போனால் திரும்பி வரும்வரை அவள் கரையிலேயே நிற்பாள். அவனோடு சேர்ந்து சுழியோடிய யோகநாதன் ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கத் தொடங்கியபின் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தச் சோளகக் காத்துக் காலத்தோட அட்டை பொறுக்கினது காணும். இல்லையெண்டால் நான் பிள்ளையளோட அம்மா வீட்ட போயிடுவன்."

நிரோசினி சொன்னால் செய்கிறவள். டிலக்ஸன் பயந்துபோனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேனுகா எங்கள் கரைக்கு வந்தாள். திருகோணமலைப் பிள்ளை, சுழியோடப் பழக்குகிற பயிற்சியாளர். கடலடி பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப்போகும் ஒரு நிலையம் திறந்திருந்தாள். போட் ஓட்டினது நான். முன்னுக்கு நின்று ஆட்களை வழிநடத்த ஒருவர் வேண்டும் என்றதும் டிலக்ஸன் மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டு வந்தான்.

"மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்கோணுமே, தங்கச்சி? என்னை வழிகாட்டியெண்டு எழுதித் தந்தாச் சரி."

அவனைவிடப் பத்து வயது இளைய தேனுகா சிரித்தாள். "முதல்ல ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, அண்ணை."

முதல்நாள் கிளிநொச்சியிலிருந்து ஒரு வங்கிக்காரரும் மனைவியும் வந்திருந்தார்கள். டிலக்ஸன் நங்கூரக் கல் மாதிரி நேரே அடிக்குப் போய்விட்டான். அவர்கள் இருவரும் காதைப் பொத்திக்கொண்டு கயிற்றிலே தொங்க, இவன் இரண்டு கையிலும் அட்டையோடு மேலே வந்து பல்லைக் காட்டினான். கேட்டால், "இவையள் சரியான மெதுவான ஆக்கள்" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அடுத்த முறை நடந்ததுதான் ஊர் முழுக்கப் பரவியது. அட்டைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல இடம் கண்டால் பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இன்னொருவன் வந்தால் ஒன்றும் இல்லாத பக்கமாகத் திரும்பி அவனையும் இழுத்துக்கொண்டு போவார்கள். தேனுகா பவளப்பாறைக்குப் போகச் சொல்லியிருந்தாள். டிலக்ஸன் பாறையைக் கண்டான், வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான், மெல்ல மறுபக்கம் திரும்பினான். அரை மணித்தியாலம் வெறும் மணல்.

அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் தர்மபுரத்து வயல்காரர் கனகலிங்கம். கனடாவிலிருந்து வந்த மகன் ஆசைப்பட்டுக் கூட்டிவந்திருந்தான். அவர் மேலே வந்து வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "தம்பி, மணலைக் காட்டவோ இவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோனனீர்? அது கரையிலயே கிடக்குதே!"

"பாறை வலப்பக்கமெல்லோ இருந்தது, அண்ணை?" என்று டிலக்ஸனைக் கேட்டாள் தேனுகா.

"தெரியும். அங்கால போனால் இவையளுக்கு இடம் பிடிபட்டிடும்."

"இடம் பாக்கத்தானே அண்ணை காசு குடுத்து வந்தவை!"

போட்டே குலுங்கச் சிரித்தோம். டிலக்ஸன் மட்டும் சிரிக்கவில்லை. தேனுகா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குக் கடல் நல்லாத் தெரியும். கூட வாற ஆக்களைத் தெரியாது. இந்தப் பருவம் முழுக்க எல்லாருக்கும் பின்னால கடைசி ஆளா வாங்கோ. பிறகு கதைப்பம்" என்றாள்.

கடைசி ஆள்! கரையிலேயே பெரிய சுழியோடிக்கு வாலில் இடம். இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலே கிடந்தான். நிரோசினி அலுமாரியைத் திறந்து, "அட்டைக்கே போறதெண்டால் போங்கோ, நான் உடுப்பு அடுக்கிறன்" என்றாள். அடுத்தநாள் விடிய அவன் எனக்கு முன்னாலேயே போட்டடியில் வந்து நின்றான்.

பின்னால் போனவனுக்கு வேறு பார்க்க என்ன இருக்கிறது? ஆட்களைத்தான் பார்த்தான். போட்டில் பெரிய கதை கதைக்கிறவன்தான் தண்ணீருக்குள் முதலில் பதறுகிறான் என்று கண்டுகொண்டான். அது தன்னுடைய இனம் என்று அவனுக்குத் தோன்றவில்லை, பாவம். கலங்கல் தண்ணீரில் கைபிடித்துக் கொண்டுவந்தான், நீரோட்டம் இழுத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தான், காது வலித்தவரோடு பாதியிலே மேலே வந்தான். கடைசியில் பைத்தியம் முற்றி, ஞாயிறு பூசையில் என் காதுக்குள், "ஃபாதர் மூச்சைப் பிழையா விடுறார்" என்றான்.

பருவம் முடிகிற நேரம் தேனுகா சொன்னாள்: "நாளைக்கு நீங்கள் முன்னுக்கு. நான் பின்னால வருவன். கூட்டிக்கொண்டு போறதுக்கு ஒரு புது ஆள் வருவா."

காலையில் நீளக்கைச் சட்டையோடு வந்து நின்றது நிரோசினி. தேனுகாதான் அழைத்திருந்தாள்.

டிலக்ஸனின் முகம் செத்துப்போனது. "இவா வேண்டாம், தங்கச்சி. வேற ஆரையெண்டாலும் தாங்கோ."

"ஏன், நான் ஆளில்லையோ?" என்று கேட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, அவள் போட்டில் ஏறிவிட்டாள்.

கீழே நடந்ததைத் தேனுகாதான் பிறகு எனக்குச் சொன்னாள். அவன் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லையாம். அவளுடைய கண்ணையும் மூச்சுக் குமிழியையும் பார்த்தபடியே பவளப்பாறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். நிரோசினிக்கோ ஒரே கொண்டாட்டம். அங்கே பார் இங்கே பார் என்று கையைக் காட்டி அவனுக்கே வழிகாட்டினாளாம். பாறையோரம் அவன் ஒரு கணம் கையை விட, நீல மீன் ஒன்றின் பின்னால் அவள் மறுபக்கம் திரும்பிவிட்டாள். பின்னால் வந்த தேனுகாவின் பார்வைக்குள்தான் அவள் இருந்தாள். அவனுக்குத்தான் தெரியவில்லை. ஆனாலும் அவன் பதறி ஓடவில்லை. நின்றான், சுற்றிப் பார்த்தான், குமிழியைக் கண்டு போய்க் கையைப் பிடித்தான். பிறகு விடவேயில்லை. மெதுவாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, மேலே கூட்டிவந்தான்.

போட்டில் ஏறியதும் தேனுகா, "சரி அண்ணை. இனி நீங்கள் ஆக்களைக் கொண்டுபோகலாம்" என்றாள்.

கரை முழுக்கக் கூப்பாடு போடுவான் என்று நான் காதைத் தயாராக வைத்திருந்தேன். அவன் அது கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இடுப்புப் பட்டியைக்கூடக் கழற்றாமல் மனைவிக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.

"கொஞ்ச நேரம் உன்னைக் காணேல்ல" என்றான் நிரோசினியிடம். "எனக்குச் சீவன் போயிட்டுது. நீ எப்பிடியடி இவ்வளவு வருசமும் கரையில நிண்டனி?"

அவள் தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நிண்டனான்தானே" என்றாள். அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அழுதாள். நான் இஞ்சினை இழுக்கப்போன கையை எடுத்துவிட்டேன்.