ஆளுக்கொரு உண்மையும் ஒரு மவுத்தும்

யுத்தம் முடிந்த கையோடு கல்முனையில் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. போன மாதம் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். பேசியவர் இளம் விரிவுரையாளர். நம்மூர்ப் பிள்ளைதான், வெளியே படித்துத் திரும்பியவர். நல்ல குரல்.

"முழு உண்மை என்று ஒன்று கிடையாது. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அவரவர் உண்மை. எது சரி, எது பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?"

கைதட்டினோம். நானும்தான்... பலமாக!

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். மருதமுனை ஹாஜரா, நெசவு வேலை செய்பவர். கணவர் லொறி சாரதி. மூன்று வருடத்துக்கு முன் மூதூர்ப் பக்கம் கைத்தறிச் சாரன் ஏற்றிப் போனவர், திரும்பவில்லை.

"சேர், என்ட மாப்புள்ள மவுத்தாப் போனார் எண்டு ஒராள் செல்றார். அகதிக் காம்புல கண்டன் எண்டு இன்னொராள் செல்றார். ரெண்டும் உண்மையெண்டா... நான் இத்தா இரிக்கிறதா, சோறாக்கி வெச்சிப் பாத்திட்டு இரிக்கிறதா?"

மவுத்து என்றால் மரணம். கணவர் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. உயிரோடு இருப்பவருக்காக அதை யார் இருப்பது?

விரிவுரையாளர் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் நழுவிப் போகவில்லை. கூட்டம் கலைந்ததும் ஹாஜராவிடம் வந்தார்.

"ராத்தா, கண்டன் எண்டு சொன்னவர் தன்ட கண்ணால கண்டவரா?"

"தெரியா. கேக்கல்ல. கேக்கப் பயம்."

அடுத்த வாரம் ஹாஜரா, விரிவுரையாளர், நான் மூவரும் அந்த இருவரையும் தேடிப் போனோம். முகாமில் கண்டதாகச் சொன்னவர் தலையைக் குனிந்தார். "நான் காணல்ல. இவட புள்ளைகள்ற முகத்தப் பாத்திட்டு வாயில வந்ததச் செல்லிட்டன்."

மற்றவர் மூதூர்க்காரர். எங்களை அடக்கம் செய்யும் மையவாடிக்குக் கூட்டிப்போய் ஒரு மண்மேட்டைக் காட்டினார். "நான்தான் அடக்கினன். யாரெண்டு கனநாளா எனக்குத் தெரியாம இருந்திச்சி. மருதமுனை லொறிக்காரரத் தேடுறாங்க எண்டு கேள்விப்பட்ட பொறகுதான் வெளங்கிச்சி." இறந்தவரின் மடியில் இருந்ததென்று, லொறியை முடுக்கும் திறப்பு ஒன்றைக் கொடுத்தார். அதில் கோர்த்திருந்த பச்சை நூல், ஹாஜரா தன் தறியில் அறுத்துக் கட்டியது.

அவர் அழவில்லை. ஊர் திரும்பி மௌலவியிடம் போனார்.

"இத்தா மவுத்தான நாள்ல இருந்துதான் புள்ள கணக்கு. நீங்க அறிஞ்ச நாள்ல இருந்து இல்ல. அது எப்பவோ முடிஞ்சிட்டு."

அப்போதுதான் ஹாஜரா அழுதார்.

  'ஆளுக்கொரு உண்மை' என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எத்தனை தடவை அழகாக எழுதியிருக்கிறேன் — எழுதிய அத்தனை தடவையும் அந்த மனிதர் அந்த மண்ணுக்குள்தான் கிடந்தார்.