அண்ணி வாய் மூடிய லெந்து

என் அண்ணி அமலிக்குக் கடவுள் கொடுத்த குரலை இரண்டு பெண்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தாலும், இருவருமே வாயாடிகள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். பிறந்த ஊர் ஆரணிப் பக்கத்துச் சேத்துப்பட்டு. கத்தோலிக்கக் குடும்பம். என் அண்ணன் பவுல்துரைக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஆரணி சபைக்கு வந்தவள். கல்யாணத்தன்று போதகர் "சம்மதமா?" என்று கேட்டார். அண்ணி "சம்மதம்!" என்றாள். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் அதைக் கேட்டு, எல்லாம் முடிந்துவிட்டதென்று எழுந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் கையில் தாலியை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் நாத்தனார். போதாக்குறைக்கு டீச்சர் வேறு. வந்தவளை ஒரு பிடி பிடித்து வைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். வந்த வாரமே, "ரோஸி, துன்ன தட்ட கழுவி வெச்சிட்டுப் போ! டீச்சருக்குக் கையி இல்லியா?" என்றாள். அடுத்த தெருவில் குடியிருந்த எங்கள் தலைமையாசிரியை மறுநாள் பள்ளியில் என்னைப் பார்த்ததும், "தட்டு கழுவினியாம்மா?" என்று விசாரித்தார். மனக்கோட்டையை அன்றைக்கே நானே இடித்துவிட்டேன்.

ஆனால் அண்ணி ஒருவரைத் திட்டினால் அவருக்கு அன்று சாப்பாடு நிச்சயம். "வயித்துக்கு ஒன்னும் போடாம ஊரு சுத்திகினு கீறியே, மனுசனா நீ?" என்று தபால்காரரை ஏசிக்கொண்டே தட்டில் சோற்றைக் குவிப்பாள். அவரும் ஏச்சைத் தொட்டுக்கொண்டு சோற்றைத் தின்றுவிட்டுப் போவார். எங்கள் தெருவில் நாங்கள் ஒரு வீடுதான் வேதக்காரர்கள். மற்றவர்கள் எல்லாரும் அண்ணாமலையாரைக் கும்பிடுகிறவர்கள். அண்ணியிடம் திட்டு வாங்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் குரலுக்குத் தெருவில் உத்தியோகமும் இருந்தது. எங்களுடையது பட்டு நெய்கிற தெரு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, விடியற்காலையில் தெரு நெடுக நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழுத்து, உதறி, அறுந்ததை முடிந்து, சுருட்டியாக வேண்டும். இந்தக் கோடியில் இருப்பவனும் அந்தக் கோடியில் இருப்பவனும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். நடுவில் நின்று, "இழு! போதும்! வுடு! வேலு, ஒம் பக்கம் தொங்குதுடா, தூங்கிகினு கீறியா?" என்று கத்துவது அண்ணி. மாடு வந்தாலும் சைக்கிள் வந்தாலும் விரட்டுவதும் அவள்தான். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் அண்ணி வந்து நின்றால்தான் தொடங்குவார்கள்.

என் அண்ணன் இதற்கு நேர் எதிர். நல்ல நெசவுக்காரன். கோபம் என்ற சரக்கு அவனிடம் ஸ்டாக்கே கிடையாது. எதற்கும் சிரிப்பான். ஜெபத்தின் நடுவில் பல்லி கத்தினால்கூடத் தோள் குலுங்கும். எனக்கே பல நேரம் எரிச்சலாக வரும்.

எழுபத்தொன்பதில் எங்கள் சபையில் ஒரு மூப்பர், மகன் வீட்டோடு போய் இருக்க வேலூருக்குப் புறப்பட்டார். மூப்பர் என்றால் சபையில் போதகருக்கு அடுத்த பெரியவர்; ஆராதனையில் காணிக்கைத் தட்டு எடுப்பவரும் அவர்தான். அதுவரை அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். தறிக்காரன் ஒருவனும் கிடையாது. யாரோ என் அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். "எனக்கெதுக்குங்க அதெல்லாம்?" என்று சிரித்தான். விட்டது என்று நாங்களும் நினைத்தோம்.

அந்த வாரம் ஒருநாள் நானும் அண்ணியும் கடைத்தெருவிலிருந்து திரும்பினோம். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அண்ணன் தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி, தறிக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே மெதுவாக நடந்துகொண்டிருந்தான். காணிக்கைத் தட்டு எடுத்துப் பழகுகிறான்! தட்டில் காணிக்கைக்குப் பதில் புளி. முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அண்ணி என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துவந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ரோஸி, எம் புருசனுக்கு ஆசைன்னு ஒன்னு கீதுன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்டி," என்றாள், அதிசயமாகத் தாழ்ந்த குரலில்.

அடுத்த ஞாயிறு போதகர் தாவீது ஐயா மூப்பருக்கு இருக்க வேண்டிய குணங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தெற்கத்திக்காரர், வந்து சில மாதங்கள்தான். குடி கூடாது, கோபம் கூடாது, பண ஆசை கூடாது, வந்தவரை உபசரிக்க வேண்டும், வெளியார் நாக்கிலும் நல்ல பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. கடைசியில், "தன் வீட்டை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்," என்றார். அவ்வளவுதான். கோயிலில் இருந்த அத்தனை தலையும் பெண்கள் பக்கம், அண்ணியைப் பார்த்துத் திரும்பியது.

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஆசீர்வாதம் போதகரை வாசலில் பிடித்துக்கொண்டார். தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர். "பவுல்துரை நல்லவன்தான். ஆனா அவன் வீட்ட நடத்தறது யாருன்னு ஊருக்கே கேக்குதே! எங்க வூட்ட வந்து பாருங்க. சத்தம்னு ஒன்னு வராது. நான் சொன்னா சொன்னதுதான்," என்றார். பக்கத்தில் அவர் மனைவி செல்லம்மாள் தரையைப் பார்த்தபடி நின்றார். லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம், தொடங்குகிற நேரம். போதகர், "லெந்து முடிவதற்குள் வீடு வீடாக வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வோம்," என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் வழக்கம்போலச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "லெந்துக்கு அவனவன் கறிய வுடறான், காப்பிய வுடறான். நான் கத்தறத வுட்டுட்டேன். அவருகிட்ட சொல்லாத."

சொல்வது சுலபம். கோபம் என்ன கேட்டுக்கொண்டா வருகிறது? அதற்கு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். கோபம் வந்தால் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொள்வாள். கன்னம் இரண்டும் உப்பிவிடும். கோபம் தணிந்த பிறகுதான் விழுங்குவாள். காய்கறிக்காரன் எடையில் ஏய்த்தான், கன்னம் உப்பியது. ஆடு வந்து மல்லிச்செடியை மேய்ந்தது; உப்பிய கன்னத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆட்டுக்கே சந்தேகம் வந்து, மேய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

தெரு கலங்கிப்போயிற்று. எதிர்வீட்டு வேலுவின் மனைவி அபிதகுசாம்பாளுக்கு லெந்தாவது ஒன்றாவது? உப்பிய கன்னத்தைப் பார்த்துப் பல்வலி என்று முடிவு கட்டி, கிராம்புத் தைலத்தோடு ஓடிவந்தாள். அப்புறம் பல் பிடுங்குகிறவனையே கையோடு கூட்டிவந்துவிட்டாள். அண்ணி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தண்ணீர் கொட்டும். "பாவம், வாயே தொறக்க முடியல!" என்று அபிதகுசாம்பாள் மாரில் அடித்துக்கொண்டாள். கடைசியில், அமலிக்கு வாய் வரட்டும், கிரிவலம் வருகிறேன் என்று திருவண்ணாமலையானுக்கே வேண்டிக்கொண்டாள்.

பாவு போடுகிற வேலை இன்னும் பேஜார். அண்ணி நடுவில் நின்று கையை மட்டும் ஆட்டுவாள். இவன் இழுக்கச் சொல்கிறாள் என்பான், அவன் விடச் சொல்கிறாள் என்பான். இழைகள் பட்டுப்பட்டென்று அறுந்தன.

வீட்டில் அண்ணன் சிரிப்பை விட்டுவிட்டான். சோறு பாதித் தட்டிலேயே நின்றது. தறியில் உட்கார்ந்தபடி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். "ரோஸி, நான் இன்னா தப்பு பண்ணேன்? ஒங்க அண்ணி ஏன் என்ன திட்டவே மாட்டேங்கறா?" என்று என்னைக் கேட்டான். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாக்குக் கொடுத்திருந்தேனே! அவன் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

லெந்தின் கடைசி ஞாயிறான குருத்தோலை ஞாயிறு நெருங்கியது. ஒரு காலை, வேலு தெருவில் பாவு நீட்டியிருந்தான். யாருக்கோ கல்யாணக் கூறைச்சேலை, நல்ல சாயம் ஏற்றிய பட்டு. வேலு தன் பக்கத்தைக் கோணலாகக் கட்டியிருந்தான். அதைப் பார்த்ததும் அண்ணி ஓடிப்போய் வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

அப்போது தெருமுனையில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் திரும்பியது. ஓட்டுகிறவர் போதகர். பின்னால் ஆசீர்வாதம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் காலையிலேயே வருகிறார்கள்! தெற்கத்தி மனிதருக்குத் தெருவில் பட்டு நீட்டுவார்கள் என்று எப்படித் தெரியும்? எதிர்வெயிலில் இழை கண்ணுக்கும் தெரியாது. நேராகப் பாவுக்குள் வருகிறது வண்டி. வேலு கையை விட முடியாது. விட்டால் எல்லாம் சுருண்டுபோகும். அவன் பயந்துபோய் அண்ணியைப் பார்த்தான். அண்ணி போதகரைப் பார்த்தாள், பாவைப் பார்த்தாள், தறிவீட்டு வாசலில் விடிந்ததிலிருந்தே பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

பிறகு தண்ணீர் புஸ்ஸென்று வேலுவின் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"யோவ்! மோட்டார்காரா! நிறுத்துயா! கண்ணு பொடனியிலியா கீது? பாவு கீதுயா, பாவு! ஒரு குடும்பத்துச் சோத்துலியா வண்டிய வுடற, கஸ்மாலம்! புடிய்யா பிரேக்கு!"

ஒரு லெந்து முழுக்க அடக்கி வைத்திருந்த சத்தம் அது. கூரை மேல் இருந்த காக்கை எல்லாம் கிளம்பிவிட்டன. போதகர் நடுங்கிப்போய்ப் பிரேக்கை அழுத்தினார். வண்டி பாவுக்கு ஒரு முழம் முன்னால் சறுக்கித் திரும்பி, கஞ்சி அண்டாவின் மேல் சாய்ந்தது. போதகர் எப்படியோ காலூன்றிக்கொண்டார். ஆசீர்வாதம் நேராக அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

பட்டில் ஓர் இழைகூட அறுபடவில்லை.

"அமலிக்கு வாய் வந்துடுச்சு!" என்று அபிதகுசாம்பாள் கூவினாள். "அண்ணாமலையானுக்கு!" "அரோகரா!" என்றது தெரு. வேலு அழுதுகொண்டே சிரித்தான். யாரோ தேங்காய் உடைத்தார்கள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உருண்டு உருண்டு சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

அண்ணி மட்டும் தெரு நடுவில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு! எல்லாம் போச்சு! போதகர் ஐயாவையே கஸ்மாலம்னுட்டேனே! எம் புருசன் ஆசையில மண்ணள்ளிப் போட்டேனே!" என்று ஓலமிட்டாள். எதற்காக வாயைக் கட்டினாள் என்பது அப்போதுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

எல்லாரையும் வீட்டுக்குள் கூட்டிவந்தோம். ஆசீர்வாதம் இடுப்புக்குக் கீழே முழுக்கக் கஞ்சியாக, நின்றபடியே சொன்னார். "பாத்தீங்களா ஐயா? இதான் இவன் வீட்ட நடத்தற லட்சணம்."

போதகர் அண்ணனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டான். "ஐயா, நான் இந்த வீட்ட நடத்தல. இவதான் நடத்தறா. எனக்கு மூப்பராவணும்னு ஆசை கீதுங்க, பொய் சொல்லமாட்டேன். ஆனா இவ வாய மூடித்தான் அது வரும்னா எனக்கு வேணாங்க. செயலாளர் ஐயா தன் வூட்ல சத்தமே வராதுன்னாரு. நானும் இந்த லெந்துல அப்படி ஒரு வூட்ல இருந்து பாத்துட்டேன். சோறு எறங்கலீங்க. பக்கத்துல ஆள் இருந்தும் தனியா கீற மாதிரி இருந்துது. எப்படித்தான் இருக்கீங்களோ ஐயா, நெனச்சா எனக்கு வருத்தமா கீது."

குத்திக்காட்ட அவனுக்குத் தெரியாது. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான். ஆசீர்வாதம் வேட்டியில் வழிந்த கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். "யாரக் கேட்டு வேணாம்ன? ஒனக்கு புத்தி கீதா? புளிய வெச்சிகினு தாம்பாளம் தூக்கிப் பழகினது யாரு? நான் பார்க்கலன்னு நெனச்சியா?" அண்ணனுக்கு முகமெல்லாம் சிவந்தது. போதகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க வேற இன்னா பாத்துகினு நிக்கிறீங்க?" என்று அண்ணி ஆசீர்வாதத்தின் பக்கம் திரும்பினாள். "காலைல ஒன்னும் துன்னாமதான் வந்திருப்பீங்க! ஒக்காருங்க, இட்லி கீது. கஞ்சி காஞ்சிச்சுனா அப்புறம் ஒக்காரவே முடியாது!"

அவர் உட்கார்ந்தார். அண்ணி திட்டிக்கொண்டே இட்லியை வைத்தாள். அவர் கேட்காமலே மேலும் வைத்தாள். அவர் மெதுவாக, தலை குனிந்தபடி சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை, "செல்லம்மா முன்னெல்லாம் நல்லாத்தான் பேசிகினு இருந்தா," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அண்ணி திட்டாமல் இன்னொரு இட்லி வைத்தாள்.

ஆசீர்வாதம் கை கழுவியதும் போதகர் அவரைப் பார்த்தார். அவர் போதகரைப் பார்த்தார். பிறகு, காயத் தொடங்கி விறைத்துக்கொண்டிருந்த வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று சொன்னார்.

"மூப்பரே, மாத்திக்க ஒரு வேட்டி இருந்தா குடுங்க."

அண்ணன் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான்.