வல்லாரை வேண்டாம் என்றவர்

அறுபதுகளில் திண்டுக்கல்லில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தேன். தோல் வியாபாரி ஒருவர் தம் மனைவிக்காக வல்லாரை வாங்க வருவார். நெடிய உருவம், வெள்ளைத் தொப்பி, சட்டையில் எப்போதும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசம். அந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்பியிருந்தது. கணவரையே யாரென்று கேட்பாராம். வல்லாரை மூளைக்கு நல்லது, விடாமல் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் ஓர் இலையைத் தாமே மென்று பார்த்துவிட்டுத்தான் கட்டச் சொல்வார்.

"ரொம்பக் கசந்தா அவ துப்பிருவா அப்பு" என்பார்.

ஒரு நாள் இலையைத் தொடாமல் நின்றார்.

"நேத்து என்னைய அடையாளம் தெரிஞ்சு சிரிச்சா."

"நல்ல சேதிதானே பாய்!"

"அப்புறம் மகன் எங்கேன்னு கேட்டா. அவனை அடக்கம் பண்ணுனதை மறுபடியும் சொல்ல வேண்டியதாப் போச்சு. புதுசாக் கேக்குற மாதிரி பகலெல்லாம் அழுதா. பொழுது சாய, திரும்பவும் என்னைய யாருன்னு கேக்குறா. இனி வல்லாரை வேணாம் அப்பு. என்னைய மறந்துட்டே இருக்கட்டும்."

அந்தத் தெளிவு இலையால் வந்ததா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. எடுத்து வைத்த இலையைத் திரும்பக் கூடையில் போட்டேன். அவர் போய்விட்டார்.

அதன்பின் மறதிக்கு மருந்து கேட்டு யார் வந்தாலும், மறந்தது எதை என்று கேட்கத் தோன்றும். கேட்காமலே கட்டிக் கொடுத்துவிடுவேன்.