ஜோசெத் முகர்ந்த வைக்கோல்

ஜானகிராமனுக்கு ஜோசெத் அம்மாள்மேல் இருந்த வருத்தம் இன்று நேற்று வந்ததல்ல. குட்டியானை வண்டியில் அவன் ஏற்றிவரும் வைக்கோல் மூட்டைகளை ஒன்றுவிடாமல் அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பார் அந்த அம்மாள். பூஞ்சை, டீசல், தார், எந்த வாடை அடித்தாலும் ஒரே பேச்சுதான்: "ஏத்து திரும்ப." வாட்ச்மேன் சிரிப்பான். திருடன் மூட்டையை அவிழ்ப்பதுபோல் நடுவாசலில் வைத்து அவிழ்க்கிறார்களே என்று ஜானகிராமன் மூலக்குளத்து வீட்டுக்குப் போய் மனைவி சந்திரகலாவிடம் பொருமுவான்.

அது மாட்டுக்குப் போகும் வைக்கோல் இல்லை. பிரான்சுக்காரர்களும் நம் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக்குப் போவது. வைக்கோலிலிருந்து சர்க்கரை எடுத்து, அதிலிருந்து பெயிண்டுக்கும் பசைக்கும் வேண்டிய கெமிக்கல் செய்கிறார்கள். இத்தனை காலம் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து எடுத்த சரக்கு. இங்கே பொடித்துப் பக்குவம் செய்து அனுப்புவார்கள். மீதி வேலை அங்கே.

சரக்கு வாங்கும் வாசல் ஜோசெத்தின் பொறுப்பு. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தம்பி பெர்னார் பிரான்சிலேயே குடியாகிவிட்டார். இவர் கையிலும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது.

"நீங்க ஏன் மதாம் போகல?" என்று ஜானகிராமன் ஒருமுறை கேட்டுவிட்டான்.

"போயி? தம்பி பேரப்புள்ளைங்களுக்கு மூக்குத் தொடைக்கவா? இங்க எனக்குன்னு ஒரு வாசல் இருக்குதுய்யா."

போன மழைக்கு ஜோசெத் ஜுரத்தில் விழுந்து, இளைத்துத் திரும்பி வந்தார். அந்த வாரம் வில்லியனூர்ப் பக்கம் கிருஷ்ணசாமியின் நிலத்து வைக்கோல் நனைந்திருந்தது. உளுந்தானாலும் எள்ளானாலும் தார் ரோட்டில் பரப்புவது அந்தப் பக்கத்துப் பழக்கம். வண்டி ஏறினால் தானாக மணி உதிரும், சூட்டில் சீக்கிரம் காயும். வைக்கோலையும் கிருஷ்ணசாமி அப்படியே பரப்பிவிட்டார். ஏற்றும்போதே ஜானகிராமனுக்கு வாடை தெரிந்தது. அந்த மூக்கு எதற்கு இருக்கிறது, அதுவே சொல்லட்டும் என்று ஓட்டிவந்தான்.

ஜோசெத் முகத்தை உள்ளே விட்டார். நிமிர்ந்தார். "ம். எறக்கு."

அவனால் நம்ப முடியவில்லை. ஒருவழியாக அந்த அம்மாளுக்கு நம்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று சந்திரகலாவுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனான்.

பொங்கல் கழிந்து பிரான்சிலிருந்து தகவல் வந்தது. சரக்கில் எண்ணெயும் டயர்த் தூளும் இருக்கின்றன, அங்கே செய்த வேலை முழுக்கப் பாழ் என்றார் அர்னோ, அந்தப் பக்கத்துத் தலைவர். நம் மெஷினில்தான் ஒழுகல் என்று இங்கே தலைவியான பூர்ணிமா மேடம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டார். ஜோசெத் மட்டும் வாசலுக்கு வந்தார்.

"யோவ், கிருஷ்ணசாமி சரக்கு ரோட்ல காஞ்சுதா?"

"ஆமா மதாம்."

"வாட வந்துதா உனக்கு?"

"வந்துது."

"வாயில என்ன வச்சிருந்த?"

"நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா? இத்தினி வருசமா மோந்து மோந்து என் மானத்த வாங்கினீங்க. தார் வாட தூக்கி அடிக்குது, எறக்குன்னுட்டீங்க!"

ஜோசெத் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வாடையே வரலய்யா. ஜுரத்துல போனது திரும்பல. கதிர்காமம் ஆஸ்பத்திரில காட்டினேன், வந்தா வரும்னாங்க. காபிகூட வெறும் சுடுதண்ணிதான். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, தம்பி வந்து கூட்டிட்டுப் போயிடுவான். அதான் சும்மா மோந்த மாதிரி மோந்தேன்."

ஜானகிராமன் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு விட்டுடுங்க மதாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"அந்தப் பொண்ணு ரெண்டு நாளா சோறு தின்னாம மெஷினக் கழட்டுது. எழுந்திரு, வழிய விடு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தான். திரையில் இருந்த அர்னோவிடம் ஜோசெத் பிரெஞ்சில் பேசினார். ஒரே ஒரு தடவை தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். பூர்ணிமா மேடம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே எழுத்து வேலை தருவதாகச் சொன்னார்கள். ஜோசெத் ஒத்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு ஆள் கேட்டபோது ஜானகிராமனைக் காட்டினார். சரக்குக் கொண்டுவருகிறவனே சரக்கைப் பார்ப்பதா என்று பூர்ணிமா மேடம் இழுத்தார். அதனால்தான் அவன் வேண்டும், ரோட்டு வாடை அவனுக்கு ஏற்றும்போதே தெரியும் என்றார் ஜோசெத்.

இப்போது வயலிலேயே மூட்டைக்குள் முகத்தை விடுகிறான். "என்னாப்பா, திருடன் மூட்டைய அவுக்கிற மாதிரி அவுக்கிற?" என்று கிருஷ்ணசாமி முறைக்கிறார். இவன் காதில் வாங்குவதில்லை.

தம்பி பெர்னார் வந்து ஜோசெத்தை அழைத்துப்போன அன்று பெட்டிகளை இவன்தான் தூக்கி வைத்தான். காரில் ஏறிய ஜோசெத் கண்ணாடியை இறக்கினார்.

"யோவ் ஜானகி, வாசல் வரைக்கும் கொண்டாந்த சரக்க நீயே மோந்து பாத்து, வேணாம்னு திரும்ப ஏத்துற நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு எனக்கு ஒரு போன் போடு."