சுரக்குடிக்காரர் கை நனைத்த சனிக்கிழமை

1984, தை மாதம். மாயவரத்தில் காலை ஆறரைக்குப் பேருந்து ஏறினேன். காரைக்கால் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பேரளம் தாண்டி அம்பகரத்தூர் வந்ததும் பாண்டிச்சேரி மாநிலம் தொடங்கிவிடுகிறது. வயலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் முற்றிய அதே சம்பாக் கதிர்தான் இந்தப் பக்கமும். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்த்த பிறகுதான் வேறு மாநிலம் என்று நம்பினேன்.

கோவையில் என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவன் முருகையன். சொந்த ஊர் திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் சுரக்குடி; நெல் விவசாயக் குடும்பம். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட கஸ்தூரி, காரைக்கால்மேட்டில் படகு வைத்திருப்பவரின் மகள், அவன் பள்ளியிலேயே ஆசிரியை. அவன் அப்பா ஒரு வருடம் முறைத்துவிட்டு, பெண் வீட்டுக்கு வரமட்டும் சம்மதித்திருந்தார். "நீயும் வாடா. வெளியூர் ஆள் கூட இருந்தா அப்பா சத்தம் போட மாட்டாரு" என்று எழுதியிருந்தான். கல்யாணப் பேச்சுக்கு என்னைக் காவலுக்குக் கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

பகல் பதினொன்றரைக்குச் சுரக்குடியிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். நான், முருகையன், அவன் அப்பா, அம்மா. "மேட்டுக்கா போறீங்க? இன்னைக்கு வஞ்சிரம் நல்லா பட்டிருக்காம். குடுத்து வச்சவங்க" என்றார் ஓட்டுநர்.

"இன்னைக்குச் சனிக்கிழமை" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி.

சனீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்து ஊர்க்காரர்; சனிக்கிழமை அவர் வீட்டில் மீன் நுழையாது. முருகையன் என் காதோடு சொன்னான்: "நாள் குறிச்சதே அவருதான்." எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்தால் பேச்சு முறிந்தது. இது எங்கள் பக்கமும் உள்ள வழக்கம். மனிதர் வாயால் மறுக்காமல் கிழமையை வைத்து மறுக்கப் பார்க்கிறார்.

பெண் வீட்டார் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்கள். கூடத்தில் இலை போட்டார்கள். கஸ்தூரியின் அம்மா வஞ்சிர வறுவல் தட்டோடு வந்தார்.

"எனக்கு வேணாங்க. சனிக்கிழமை" என்று அப்பா இலையை விட்டு எழப் போனார்.

கஸ்தூரியின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தெரியாமப் போச்சுங்களே! சாம்பார், ரசம் இருக்கு. ஆனா மீனில்லாம எப்படிங்க இலை போடுறது? எங்க பக்கம் அது துக்க வீட்டு இலைங்க."

இவருக்கு மீன் ஆகாது. அவர்களுக்கு மீனில்லாத இலை ஆகாது. பள்ளிக்கூடச் சுவரில் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அங்கே அது ஒரு பைசாவுக்கு உதவவில்லை. வாசற்படி ஓரம் நின்ற கஸ்தூரி யாரையும் பார்க்கவில்லை.

முருகையனின் அம்மா கணவரின் பக்கம் திரும்பினார். "மீனுதானே சனிக்கிழமை ஆகாது? சோறு எந்தக் கிழமையும் ஆகும். உக்காருங்க." பிறகு கஸ்தூரியின் அம்மாவிடம், "பாயசம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"சேமியாப் பாயசம் இருக்குங்க."

"அதை முதல்ல இலையில விடுங்க. பாயசம் விழுந்த இலை எந்த ஊருலயும் துக்க வீட்டு இலை இல்ல."

அப்பா மறுபடி இலை முன் உட்கார்ந்தார். மறுக்க அவரிடம் வேறு கிழமை மிச்சமில்லை. பாயசம் வந்தது. தொட்டு வாயில் வைத்தார். அப்புறம் சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றையும் விடவில்லை. பசி வேறு இருந்திருக்கும். என் இலையில் விழுந்த வஞ்சிரத்தை நான் மறுக்கவில்லை.

மூன்றரைக்குக் கிளம்பினோம். எங்கள் ஊரில் இப்படிச் சாதி தாண்டி ஒரு பேச்சு வந்திருந்தால் கார் வாசல்வரைகூட வந்திருக்காது. அங்கே மறுப்பதற்குக் கிழமைகூடத் தேவைப்பட்டிருக்காது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. காரில் ஏறப்போன அப்பா நின்று, படகுக்காரரிடம் சொன்னார்:

"அடுத்த வாட்டி புதன்கிழமையா வர்றோம், சம்பந்தி."